பின் ஸ்பிரிங் வாங்கும் முன் பின் இருக்கையை நினையுங்கள்

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டத்திலிருந்தும் தாமானிலிருந்தும் பட்டணத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதலில் வாங்குவது பெரும்பாலும் கார்தான். பழைய புரோட்டோன் சத்ரியாவாக இருக்கலாம், பெரோடுவா மைவியாக இருக்கலாம். கார் வந்த சில மாதங்களில் மனம் அடுத்ததாக நாடுவது உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ‘அட்ஜஸ்டபல்’ ஸ்பிரிங்கை.

“அண்ணே, பின்னாடி ரெண்டு இஞ்ச் இறக்கிக் கொடுங்க!” பட்டறையில் அடிக்கடி கேட்கும் குரல் இது. எத்தனை இஞ்ச் என்று கேட்கும் தம்பிமார்கள், எத்தனை பேர் அந்தக் காரில் ஏறுவார்கள், எந்தச் சாலையில் அது ஓடும் என்பதைச் சொல்வதில்லை. ஆனால், பின் ஸ்பிரிங்கைத் தேர்வு செய்ய முதலில் தெரிய வேண்டியவை அந்த இரண்டும்தான்.

ஸ்பிரிங்கின் பலம் எதில் இருக்கிறது?

பட்டறைகளில் ‘மூணு கிலோ ஸ்பிரிங்’, ‘ஆறு கிலோ ஸ்பிரிங்’ என்று பேசிக் கொள்வார்கள். ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ எடை வேண்டும் என்பதே அந்த எண்ணின் பொருள். எண் கூடக் கூட ஸ்பிரிங் கடினமாகிறது.

இந்தக் கடினத்தை முடிவு செய்பவை கம்பியின் தடிமன், சுருளின் அகலம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும். இவற்றில் தடிமனுக்கே சக்தி அதிகம். 10 மில்லிமீட்டர் கம்பியை 11 மில்லிமீட்டர் ஆக்கினால், மற்றவை மாறாதிருக்க, கடினம் ஏறக்குறைய 46 விழுக்காடு கூடிவிடும். சுற்றுகள் குறைந்தாலும் கடினம் கூடும். காசு மிச்சம் என்று நினைத்துப் பழைய ஸ்பிரிங்கை வெட்டிப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 விழுக்காடு கூடுகிறது. அதோடு, இருக்கையில் சரியாக உட்காரும்படி செய்யப்பட்ட நுனியும் போய்விடுகிறது.

வளையத்தைத் திருகினால் கடினமாகுமா?

பலரிடம் உள்ள தவறான எண்ணம் இது. அட்ஜஸ்டபலில் உள்ள வளையத்தைத் திருகினால் காரின் உயரம் மாறும். சுற்றுகள் சம இடைவெளியில் உள்ள சாதாரண ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. மூன்று கிலோ ஸ்பிரிங் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் மூன்று கிலோதான். சில வகைகளில் ‘டிக், டிக்’ என்று திருகும் குமிழ் ஒன்று இருக்கும். அது அப்சார்பரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. எடையைத் தாங்குவது அதன் வேலையல்ல. ஆகவே, ‘வாங்கிய பிறகு திருகிச் சரி செய்து கொள்ளலாம்’ என்று நம்பித் தவறான ஸ்பிரிங்கை வாங்கக் கூடாது.

காருக்குக் கார் அமைப்பும் வேறுபடும். பழைய சத்ரியாவில் பின் ஸ்பிரிங் அப்சார்பரைச் சுற்றி இருக்கும். மைவியில் ஸ்பிரிங் தனி, அப்சார்பர் தனி. ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் உள்ளே தள்ளி இருந்தால், சக்கரம் உணரும் கடினம் குறையும். சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 8 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், ஐந்து கிலோ ஸ்பிரிங் சக்கரத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோவாகவே தெரியும். நண்பன் காரில் நன்றாக இருக்கும் எண் உங்கள் காரிலும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாதது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு

முன் சக்கரங்களால் இழுக்கப்படும் சிறிய காரில் இயந்திரத்தின் பாரம் முன்னால் இருக்கிறது. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது பின்பக்கம் இலேசு. குடும்பம் ஏறினால் கூடும் எடையில் பெரும்பகுதி பின்பக்கமே விழுகிறது.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குக் குடும்பத்தோடு புறப்படுவதாக வைத்துக் கொள்வோம். பின் இருக்கையில் அம்மாவும் பாட்டியும், பூட்டில் அர்ச்சனைச் சாமான்கள். பின் சக்கரம் ஒன்றுக்கு 60 கிலோ கூடுகிறது. ஸ்பிரிங் அடியோடு அமுங்கி ரப்பர் கட்டையில் மோதுவதற்கு முன் 70 மில்லிமீட்டர் இடம் உண்டு என்றும் கொள்வோம்.

சக்கரத்துக்கு இரண்டு கிலோ கணக்கில் அமைந்த ஸ்பிரிங் என்றால் கார் 30 மில்லிமீட்டர் இறங்கும். மேடு பள்ளத்துக்கு இன்னும் 40 மில்லிமீட்டர் மிச்சம்.

இப்போது இரண்டு இஞ்ச், அதாவது 50 மில்லிமீட்டர், இறக்கி மூன்று கிலோ ஸ்பிரிங் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது 20 மில்லிமீட்டர். குடும்பம் ஏறியதும் அந்த 20 மில்லிமீட்டரும் போய்விடும். கார் வாசலை விட்டு நகரும் முன்பே ரப்பர் கட்டையில் உட்கார்ந்துவிட்டது! அதன் பிறகு ஒவ்வொரு வேக மேட்டிலும் விழும் அடி, பாட்டியின் முதுகில்தான் இறங்கும்.

மழையில் வழுக்கும் வால்

முதுகு வலியோடு இது நின்றுவிடுவதில்லை. பின்பக்கத்தைச் சற்றுக் கடினமாக்கினால் வளைவில் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும். அதனால்தான் வேகப் பிரியர்கள் அதை விரும்புகிறார்கள். அளவு மீறினால், ஈரச் சாலையில் ஓட்டுநர் திடீரென்று எண்ணெயை விடும்போது பின் சக்கரங்கள் பிடிப்பை இழந்து வால் வீசும். வளைவின் நடுவில் கார் ரப்பர் கட்டையில் மோதினாலும் இதே ஆபத்து. மழைக்காலத்தில், செம்பனை லாரிகள் ஓடித் தேய்ந்த தோட்டச் சாலையில், அதைச் சமாளிக்க நேரம் கிடைக்காது.

பந்தயக் கார்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் முழுமையாகப் பார்க்க வேண்டும். சிப்பாங் பந்தயத் தளம் வழுவழுப்பானது. அங்கே ஓடும் கார் தாழ்வாகவும் கடினமாகவும் இருக்கலாம். மண் சாலையில் ஓடும் ராலி கார் அப்படி இருக்காது. 2002இல் புரோட்டோன் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி விருதை வென்றவர் நம் நாட்டின் கரம்ஜிட் சிங். மண் சாலை ராலிக்குக் காரை உயர்த்தித்தான் வைப்பார்கள். சக்கரம் ஏறி இறங்க நிறைய இடம் விடுவார்கள். நம் தோட்டத்துச் செம்மண் சாலை எதற்கு நெருக்கம் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வார நாளில் வேலைக்கும் வார இறுதியில் குடும்பத்துக்கும் ஒரே கார் என்றால், பின்பக்கத்துக்கு முதலில் மென்மையாகவும் எடை ஏற ஏறக் கடினமாகவும் மாறும் ஸ்பிரிங் நல்லது. அதில் சுற்றுகளின் இடைவெளி ஒரே அளவாக இருக்காது. கண்ணால் பார்த்தே தெரிந்து கொள்ளலாம். இறக்கம் ஓர் இஞ்சைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு.

ஸ்பிரிங் கடினமாகும்போது அப்சார்பரும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். பழைய அப்சார்பரோடு புது ஸ்பிரிங்கை மட்டும் போட்டால் கார் துள்ளிக்கொண்டே இருக்கும்.

பொருத்திய பின் ஜாக்கியால் காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் அது மிகக் குட்டை. பள்ளத்தில் இடம் மாறிவிடக்கூடும். பிறகு பின் இருக்கையில் ஆட்களை உட்கார வைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரு பக்கமும் உயரம் சமமாக இருக்க வேண்டும். கடைசியாகச் சக்கர அலைன்மென்ட் பார்ப்பதும் அவசியம்.

செம்மண்ணும் மழையும் திருகு வளையங்களை இறுக்கிவிடும். அவ்வப்போது கழுவி, மசகு தடவாவிட்டால் ‘அட்ஜஸ்டபல்’ என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்.

ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது. செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்காமல் விட்டால், விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்பது சிக்கலாகலாம்.

கார் அழகாக இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்காகக் கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கலாமா? அடுத்த முறை பட்டறைக்குப் போகும் தம்பி, குடும்பத்தாரையும் காரில் ஏற்றிக்கொண்டே போகட்டும். எத்தனை இஞ்ச் இறக்கலாம் என்பதை அந்த எடையை வைத்து அளந்து முடிவு செய்யட்டும்.