கொல்லிமலைச் சக்கரங்கள் - 9
ஜப்பானில் அளந்த அகலம்

பஸ் டாப்பிலும் சரக்கு ஆட்டோவிலும் சைக்கிளை ஏற்றிக் கொல்லிமலை அடிவாரம் போய்ச் சேரும் அவஸ்தையைப் போன வாரம் எழுதி, நமக்கென்று ஒரு பழைய வேன் வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

இந்த வாரம் பழைய எஞ்சினைப் பார்த்து வாங்குவது எப்படி என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இடம் மிஞ்சினால் சொல்கிறேன்.

முதலில் காசு. ஒன்றரை லட்சத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது நம் சைக்கிள் குழுவின் கணக்கு. அந்தப் பணத்துக்கு ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் மாருதி ஆம்னி. அதிர்ஷ்டம் இருந்தால் நன்றாக ஓடிக் களைத்த ஈக்கோ. எப்போதாவது டாடா வெஞ்சர். அதற்கு உதிரிப் பாகம் தேடி அலையும் பொறுமை எனக்கில்லை. அமிதாப் பச்சனும் மகனும் விளம்பரத்தில் வந்தும் விலைபோகாத வெர்சாவும் உண்டு. அதன் உடம்புதான் 2010-ல் வேறு பெயரில் ஈக்கோவாக மறுபிறவி எடுத்தது.

பேளுக்குறிச்சி சந்தை நாளில் ஒரு சுற்று சுற்றினாலே இந்த ஆராய்ச்சி பாதி முடிந்துவிடும். மிளகு, மல்லி, சீரகம், கடுகு என்று வருஷத்துக்கான மளிகையை மூட்டையாக வாங்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். டிக்கி உள்ள கார்க்காரர் மூட்டையைப் படுக்க வைத்து, நிமிர்த்தி, கடைசியில் மனைவியின் மடியில் ஒரு பையைக் கொடுத்துவிட்டு ஏறுகிறார். ஆம்னிக்காரர் பக்கக் கதவைத் தள்ளுகிறார், மூட்டை உள்ளே போகிறது. கதவு வெளியே விரியாததால், ஒட்டிப் பிடித்து இன்னொரு வண்டி நின்றாலும் கவலையில்லை. தரையும் தாழ்வு, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை.

இப்போது இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். ஆம்னியின் அகலம் 1.41 மீட்டர். ஏன் ஒன்றரை இல்லை? ஏன் 1.6 இல்லை? நம் ஊர்ச் சாலை குறுகல் என்பதால் யாரோ யோசித்து வைத்த அளவு என்றுதான் நெடுநாளாக நினைத்திருந்தேன். காரணம் ஜப்பானிய வாகனச் சட்டத்தில் இருக்கிறது.

ஜப்பானில் ‘கெய்’ என்று ஒரு சிறுவண்டி வகை 1949-லிருந்து உண்டு. சட்டம் சொல்லும் அளவுக்குள் அடங்கினால் வரி குறைவு. அங்கே கார் வாங்குபவர், நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்ட வேண்டும். பல சிற்றூர்களில் கெய் வண்டிக்கு அந்தச் சான்றும் தேவையில்லை. 1976-ல் இந்த வகைக்கு வகுத்த எல்லை: எஞ்சின் 550 சிசி, நீளம் 3.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டர். அந்த எல்லையை ஒட்டி சுசுகி 1979-ல் செய்த கேரி வேன்தான், 796 சிசி எஞ்சினோடு 1984-ல் இங்கே ‘மாருதி வேன்’ என்று இறங்கியது. 1988-ல் பெயர் ஆம்னி ஆனது. ஜப்பான் 1990-ல் எஞ்சின் எல்லையை 660 சிசி ஆக்கியது. 1998-ல் அகலத்தை 1.48 மீட்டருக்கு உயர்த்தியது. அவர்கள் வண்டியும் கூடவே வளர்ந்தது. நம் ஆம்னி மட்டும் பழைய அளவிலேயே 2019 வரை தயாரானது.

ஈக்கோவின் அகலம் 1.475 மீட்டர். ஆமாம், 1998 எல்லையேதான்! வெர்சா, ஈக்கோ இரண்டுக்கும் மூலம் சுசுகியின் எவ்ரி வேன். ஆக, ராசிபுரத்திலிருந்தோ சேலத்திலிருந்தோ கொல்லிமலைக்கு நாம் சைக்கிள் ஏற்றப்போகும் வண்டியில் ஹேண்டில்பார் இடிக்குமா இடிக்காதா என்பதை டோக்கியோவில் யாரோ வரிக்கணக்குப் போட்டு எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். இன்னொன்று, அங்கே சொந்த உபயோகக் கெய் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட். இங்கே சொந்த ஆம்னியில் மஞ்சள் போர்டு மாட்டினால் வாடகைக்கு வருமா என்று கேட்பார்கள்.

சைக்கிள் கணக்கு இனி எளிது. ரோடு சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றினால் மிச்ச நீளம் ஏறக்குறைய 1.35 மீட்டர். பின்சீட்டை மடக்கி அல்லது கழற்றி, ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வால்பக்கம் வருமாறு மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும். மலைச் சைக்கிளான எம்டிபியின் ஹேண்டில்பார் 70 சென்டிமீட்டரைத் தாண்டும். இரண்டையும் ஒரே பக்கம் பார்த்து வைத்தால் கொம்பு மாட்டிக்கொள்ளும். கட்டுவதற்கு நைலான் கயிற்றைவிடப் பழைய டியூபை நறுக்கிய துண்டு மேல். பெயின்டைச் சுரண்டாது, குலுக்கலிலும் தளராது.

“35 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவு ஏறுமா?” என்று கேட்பவர்களுக்கு: ஏன் ஏற வேண்டும்? மலை ஏறப்போவது நாம்தானே! வேன் பேளுக்குறிச்சியிலோ காரவள்ளி அடிவாரத்திலோ நிழலில் நிற்கட்டும். மலைக்கு என்று வண்டி தேடி, பெரிய எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டும் நண்பர்கள் இதை யோசிப்பதில்லை. களைத்தவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னாலேயே வண்டி வர வேண்டும் என்றால் மட்டும் ஈக்கோ பாருங்கள். ஆம்னியைப் போல இரண்டு மடங்கு சக்தி. ஆனால் பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தால் இரண்டுமே தலைகுனிய வேண்டும். ஆம்னியில் ஓட்டுநர் முழங்காலுக்கு முன்னால் இருப்பது தகடு மட்டும்தான். புதிய மோதல் விதிகள் வந்தபோதுதான் ஆம்னிக்கு விடைகொடுத்தார்கள். ஈக்கோ 2016-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதனால் மெதுவாகப் போவது, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது என்று நம் குழுவில் பேசிவைத்திருக்கிறோம்.

விற்பவர் பேச்சு எங்கும் ஒன்றுதான். “சிங்கிள் ஓனர் வண்டிங்க, டாக்டர் வச்சிருந்ததுங்க.” இந்த வட்டாரத்து டாக்டர்கள் எல்லோரும் ஆம்னியிலேயே வாழ்ந்திருக்க வேண்டும். “ஏனுங்க, டாக்டர் வண்டில எதுக்குங்க முட்டை அட்டை?” என்றதற்குப் பதில் இல்லை. நாமக்கல் மாவட்டத்தில் முட்டை ஏற்றாத பழைய வேன் கிடைப்பது கஷ்டம். முட்டை ஏற்றியது குற்றமும் இல்லை. கோழி ஏற்றியதா என்றுதான் பார்க்க வேண்டும். தரை மேட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். எச்சத்தின் ஈரம் தகட்டை அரித்துவிடும். பக்கக் கதவு ஓடும் கீழ்த் தண்டவாளம், சக்கர வளைவு இரண்டிலும் துரு ஒளிந்திருக்கும். சின்னக் காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள்.

பின்னால் கேஸ் சிலிண்டர் இருந்தால், ஓட்டச் செலவு குறைவு என்று விற்பவர் சிரிப்பார். அது உட்கார்ந்திருக்கும் இடம் நம் சைக்கிளின் இடம். ஆர்.சி.யில் ஏறாத கிட் என்றால் பேச்சே வேண்டாம்.

எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் தெரியும். அதைத் தூக்குவது அடுத்த வாரம். கூடவே 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிப்பது, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவையும். அதற்குள் யாராவது வண்டி பார்க்கக் கிளம்பினால் உங்கள் சைக்கிளையும் கொண்டுபோங்கள். உள்ளே ஏற்றிக் கதவை மூடிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)