பாலுக்கும் புற்றுக்கும் ஒரே சாவி

திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலுக்கு மாலையும் கையுமாக வருகிறவர்களுக்கு வேண்டியது கல்யாண வரம். நாளுக்கு ஒருத்தியாக 360 பெண்களை மணந்த அக்கோயிலின் வராகப் பெருமாள், கடைசியில் அத்தனை பேரையும் ஒரே தாயாராக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்கிறது தலபுராணம். பலர் ஒன்றான கதை அது. உடம்புக்குள் நடப்பதோ தலைகீழ், ஒரு செல் பலவாகும் கதை. அதற்கு ஒரு முக்கியமான துப்பு கடலிலிருந்து கிடைத்தது.

உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாக இருக்கும் கடல் முள்ளெலி வலையில் சிக்கினால் நம் பக்கத்தில் யாரும் விரும்புவதில்லை. 1982இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் டிம் ஹன்ட் அதன் முட்டைகளைக் கருவுறச் செய்து கவனித்தார். ஒரு புரதம் மெல்லச் சேர்ந்தது, முட்டை பிளக்கும் வேளையில் மறைந்தது, மறுபடி சேர்ந்தது. அதற்கு சைக்ளின் என்று பெயரிட்டார். 2001 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

மனித உடலிலும் சைக்ளின் குடும்பம் உண்டு. அதில் சைக்ளின் டி1 என்பதன் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1991இல் அது அகப்பட்டது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் கட்டியில். செல் தன்பாட்டுக்குப் பிரியாதபடி ஆர்பி என்ற புரதம் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. சாவி சைக்ளின் டி1. அதைத் திருப்பும் கை, சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகள்.

இந்தச் சாவியே இல்லாவிட்டால்? 1995இல் சுண்டெலிகளில் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். செத்துப் பிறக்கும் என்று எதிர்பார்த்திருப்போம். அவை பிழைத்தன, உருவம் சற்றுச் சிறிது, விழித்திரை மெலிந்திருந்தது, அவ்வளவுதான். சினைப்பட்டன, குட்டியும் போட்டன. ஆனால் குட்டிகளுக்குப் பால் இல்லை! கர்ப்பத்தின்போது மார்பகத்தில் கொத்துக்கொத்தாகத் தழைக்க வேண்டிய பால் நுண்ணறைகள் தழைக்கவே இல்லை. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் வேறு சைக்ளின்களை வைத்துச் சமாளித்துக்கொண்டன, மார்பகத்தால் முடியவில்லை.

பாலுக்காகச் செல்களைப் பெருக்கும் அதே சாவியைத்தான் புற்றும் எடுத்துக்கொள்கிறது. மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் சைக்ளின் டி1 மிகுதியாக இருக்கிறது. 2001இல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. சாவி இல்லாத எலிகளில் ராஸ், நியூ என்ற மரபணுக்களால் மார்பகப் புற்றைத் தூண்ட முடியவில்லை. மிக் என்ற மரபணுவால் தூண்டியபோது புற்று வந்தது. திருடனுக்கு வேறு வாசலும் தெரிந்திருக்கிறது.

மருந்து செய்தவர்கள் சாவியை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தார்கள். சிடிகே4, சிடிகே6 இரண்டையும் தடுக்கும் பால்போசிக்லிப் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்மோன் ஏற்பி உள்ள, பரவிய மார்பகப் புற்றுக்கு ஹார்மோன் மருந்தோடு சேர்த்துத் தருகிறார்கள். நோயை வேரறுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. புற்றில் சாவி மிகுந்தவர்களுக்கு மருந்து கூடுதலாகக் கேட்கும் என்று நினைத்தார்கள். சோதனையில் அப்படி அமையவில்லை. இந்தியாவில் 2023 ஜனவரியில் காப்புரிமை முடிந்ததும் விலை நன்றாக இறங்கியது.

மார்பகப் புற்று நம் பக்கத்துக்குச் சின்னச் செய்தி இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் சென்னைப் பதிவேட்டில் ஒரு காலத்தில் பெண்களிடம் முதலிடம் கருப்பைவாய்ப் புற்றுக்கு. இப்போது மார்பகப் புற்றுக்கு. பால் கொடுக்கும் பெண்ணுக்குக் கட்டி தென்பட்டால் 'பால் கட்டிக்கிச்சு, ஒத்தடம் கொடு' என்பது வீட்டு வைத்தியம். பெரும்பாலும் அது சரிதான். சில நாளில் கரையாத கட்டியைத்தான் டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது.

மருந்துக்கே திரும்பினால், பால்போசிக்லிப் மாத்திரையை 21 நாள் சாப்பிட்டு, 7 நாள் நிறுத்த வேண்டும். எலும்பு மஜ்ஜையும் சிடிகே6ஐ நம்பி இருப்பதால் வெள்ளணுக்கள் குறையும். அந்த ஏழு நாளில் அவை மீண்டு வரும். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த சுற்று.