ஹாடர் ஆற்றங்கரைப் பள்ளி

இங்கிலாந்தின் லங்காஷயர் நாட்டுப்புறத்தில், ஹாடர் என்னும் ஆற்றின் கரைமேட்டில் பெரியதோர் இல்லம் நிற்கிறது. புகழ்பெற்ற ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரிக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரு மைல் தொலைவு. ஹாடர் பிளேஸ் எனப்பட்ட அவ்வில்லத்தில், கல்லூரிக்குச் செல்லுமுன் கத்தோலிக்கச் சிறுவர்கள் பல தலைமுறைகளாய்ப் பயின்றனர்.

அப்பள்ளியின் வரலாறு வேதகலாபனையில் தொடங்குகிறது. தாய்நாட்டில் கத்தோலிக்கப் பள்ளி நடத்தச் சட்டம் இடந்தராமையால், ஆங்கிலேயச் சேசு சபையார் 1593-ல் கடல் கடந்து செயின்ட் ஓமர் நகரில் பள்ளி நிறுவினர். 1762-ல் புரூஜ், 1773-ல் லீயேஜ் என அது ஊர் ஊராய்ப் பெயர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் படைகள் நெருங்கவே, 1794-ல் தாயகம் திரும்பி, பழைய மாணவர் தாமஸ் வெல்ட் மனமுவந்து அளித்த ஸ்டோனிஹர்ஸ்ட் மாளிகையில் குடியேறியது. 1773-ல் பாப்பரசரால் கலைக்கப்பட்ட சேசு சபை இங்கிலாந்தில் 1803-ல் மீண்டும் துளிர்த்தபோது, நவதுறவியர் வாழ்ந்த இடம் ஹாடர் பிளேஸே. 1854-ல் அவர்கள் வேறிடம் சென்றனர். பின்னர் இல்லம் சிறுவர்களுக்கே உரியதாயிற்று.

1868-ல் அங்கு வந்த ஒன்பது வயதுச் சிறுவனை நம் வாசகர் பலர் அறிவர். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலே அவர். எடின்பரோவிலிருந்து இரயிலில் அழுதுகொண்டே வந்ததைத் தம் வாழ்க்கை நினைவுகளில் குறிப்பிடுகிறார். பிரஸ்டன் நிலையத்தில் இறங்கி, கறுப்பு அங்கியணிந்த குருக்களுடன் பன்னிரண்டு மைல் வண்டிப் பயணம். கோடையில் ஆறு வாரம் தவிர, ஆண்டு முழுவதும் வீட்டு வாசலை மிதிக்க வழியில்லை. பிள்ளைகளின் விசுவாசத்தைக் காக்கவே பெற்றோர் இப்பிரிவைத் தாங்கினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்சிறு வயதில் இது மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது.

எனினும் அவ்விரண்டாண்டுகள் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே கழிந்தன என்கிறார் டாயில். காரணம், தலைவராயிருந்த காசிடி அடிகளாரின் கனிவு. சேசு சபையாரிடம் வழக்கமாய்க் காணப்படுவதைவிட மனிதப்பண்பு மிக்கவர் என்று, புகழ்ச்சியோடு ஒரு குத்தலையும் சேர்க்கிறார்! (சபையார் பொறுத்தருள்வராக.) டாயில் வாலிபத்திலேயே திருச்சபையை விட்டு விலகியவர். மேற்பள்ளியின் கண்டிப்பையும் உடல் தண்டனையையும் கசப்புடன் எழுதியவர். அத்தகையவர் 1924-ல், அறுபத்தைந்து வயதை எட்டிய நிலையில், அக்குருவைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்.

1970-ல் ஹாடர் பிளேஸ் பள்ளி மூடப்பட்டது. சிறுவர்கள் கல்லூரியை அடுத்த புனித மரியா இல்லத்திற்கு மாற்றப்பட்டனர். பழைய கட்டடம் பல குடும்பங்கள் வாழும் வீடுகளாய்ப் பிரிக்கப்பட்டது. புனித மரியா இல்லத்தில் இப்போது சிறுமியரும் பயில்கின்றனர். மாலையில் தாயிடம் திரும்பும் பிள்ளைகளும் அங்கு உண்டு.