கால் கிலோவின் கனம்

2025 ஜனவரி 9. லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய பாலிசேட்ஸ் மலைச்சரிவுகள் எரிந்துகொண்டிருந்தன. கனடாவிலிருந்து உதவிக்கு வந்திருந்த தீயணைப்பு விமானம் ஒன்று, கடலில் தண்ணீர் மொண்டு தீயின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் இடது இறக்கையில் ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. ஆனால், தேவை மிக அதிகமாக இருந்த அந்த நாள்களில் அது பழுதுபார்ப்புக்காக முடங்கிக் கிடந்தது. மோதியது, பொழுதுபோக்குக்காக வாங்கும் ஒரு கேமரா ட்ரோன். தீயால் ஏற்பட்ட சேதத்தைப் பார்க்கும் ஆசையில், சான்டா மோனிகாவில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து ஒருவர் அதைக் கிளப்பியிருந்தார். இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச்சென்று, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தவறவிட்டிருந்தார்.

ட்ரோன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் சொல்வேன். இன்று பலரும் விரும்பி வாங்கும் சிறிய வகை 249 கிராம். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை ‘நானோ’ என்ற பிரிவு. அதை ஓட்ட உரிமம் தேவையில்லை. இதனாலேயே ‘கால் கிலோதானே’ என்ற அலட்சியம் வந்துவிடுகிறது. மோதலின் ஆற்றல் எடையைப் போலவே வேகத்தையும் பொறுத்தது. அதுவும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் கால் கிலோவின் ஆற்றல் 12.5 ஜூல். எதிரே 250 கி.மீ. வேகத்தில் ஒரு விமானம் வந்தால், காற்றில் அசையாமல் நிற்கும் அதே கால் கிலோ 600 ஜூலோடு அதைத் தாக்கும்.

இனி வியப்புக்குரிய பக்கம். ட்ரோனின் நான்கு விசிறிகளில் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு ஒரு பக்கமாகவும் மற்ற இரண்டு மறுபக்கமாகவும் சுழல்கின்றன. அதனால்தான் உடல் சுற்றிக்கொள்ளாமல் இருக்கிறது. இந்த அமைப்பு புதிதல்ல. பிரான்சில் பிரெகே என்பவர் 1907-லேயே நான்கு சுழலிகள் கொண்ட ஒன்றைத் தரையிலிருந்து எழுப்பினார். நான்கு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நான்கு சுழலி அமைப்புக்குத் தானாக நிற்கும் நிலைத்தன்மை கிடையாது. ஒவ்வொரு கணமும் சாயப் பார்க்கும், ஒவ்வொரு கணமும் திருத்தப்பட வேண்டும். மனிதக் கைக்கு அந்த வேகம் இல்லை. நூறாண்டு கழித்து அந்த வேலையைச் செய்ய வந்தது அரிசிமணியளவுச் சிலிக்கான் துண்டு. அதற்குள் நுண்ணிய உறுப்பு ஒன்று இடைவிடாமல் அதிர்கிறது. ட்ரோன் லேசாகத் திரும்பினாலும் அதிர்வின் திசை விலகும். அந்த விலகலை அளந்து, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மோட்டார்களின் வேகத்தைக் கணினி மாற்றுகிறது.

உயரத்தை அறிவது இன்னும் அழகு. ஒரு மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் 12 பாஸ்கல் அளவுக்குக் குறையும். மொத்த அழுத்தத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு! அதையும் உணரும் கருவி உள்ளே இருக்கிறது. இடத்தைச் செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. தரைக்கு அருகே வந்தால், கீழ்நோக்கிய கேமரா தரையின் புள்ளிகளையும் கோடுகளையும் பார்த்து நிதானிக்கிறது.

இந்தப் புலன்கள் எங்கே ஏமாறும் என்று தெரிந்துகொள்வதுதான் பாதுகாப்பாக ஓட்டுவதில் பாதி. ஏரி, குளத்தின் மேல் தாழப் பறந்தால், அசையும் அலைகளைத் தரையென்று எண்ணி அது தானும் நகரலாம். மொட்டைமாடியிலிருந்து கிளப்புவது நம் ஊர்ப் பழக்கம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அதன் காந்தத் திசைகாட்டியைக் குழப்பிவிடும். திசை தவறினால், நின்ற இடத்தில் நிற்காமல் வட்டமடித்து வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். நேர்கீழாக வேகமாக இறக்கவும் கூடாது. தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே அது விழ, விசிறிக்குப் பிடிப்பு இல்லாமல் போகும். சற்றுச் சாய்வாக இறக்கினால் போதும்.

ட்ரோன் கண்ணில் படும் தூரம் எவ்வளவு என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 செ.மீ. அகலமுள்ள ட்ரோன் 300 மீட்டரில் முழுநிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்காகத் தெரியும். எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் வால் என்று சொல்ல முடியாது. இரண்டரைக் கிலோமீட்டரில் அது வெறுங்கண்ணுக்கு இல்லவே இல்லை. கையிலுள்ள திரையில் ட்ரோன் பார்ப்பது தெரியும். ட்ரோனை நோக்கி வருவது தெரியாது. இந்தியாவில், அனுமதியில்லாமல் பறக்கலாம் என்று அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாகக் காட்டப்படும் பகுதியிலும் உயர எல்லை 120 மீட்டர். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை அதுவும் 60 மீட்டராகக் குறைந்துவிடும்.

வாங்குவதற்கு வருவோம். சில ஆயிரம் ரூபாய்க்கு ‘4கே கேமரா’ என்று விற்பதை நம்ப வேண்டாம். பெரும்பாலும் ஜிபிஎஸ் இருக்காது. கேமராவின் நடுக்கத்தைத் தணிக்கும் கிம்பலும் இருக்காது. காற்றடித்தால் படமும் போகும், ட்ரோனும் போகும். சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லிவைப்பதும் வேண்டாம்: முழுதாகச் செய்த வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் தடை இருக்கிறது. விசிறிக்குக் காப்பு வளையமுள்ள, உள்ளங்கை அளவு விளையாட்டு ட்ரோனை முதலில் வாங்கி, கூடத்துக்குள் ஓட்டிப் பழகுங்கள். ஜிபிஎஸ் உதவி இல்லாத அந்தப் பழக்கம்தான் பிறகு சிக்னல் போகும் நேரத்தில் கைகொடுக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை கொடைக்கானலில் படமெடுக்க மட்டும் என்றால் பணத்தைப் போட வேண்டாம் என்பதே என் கருத்து. லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜோடு மாதக்கணக்கில் கிடந்தால் உப்பிப்போகும். ஆளில்லாத வெட்டவெளி பக்கத்தில் இருந்து, அடிக்கடி அங்கே போக நேரமும் இருப்பவர் வாங்கலாம். பறக்காத நாள்களில் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வைத்திருக்க வேண்டும்.