ஆய்வக விலங்குகளின் எலும்பு முதுமையில் எப்படி மாறுகிறது?

சுண்டெலியின் எலும்பு

ஆய்வகச் சுண்டெலி இரண்டு வயதிலேயே கிழடாகிவிடும். மனிதரிடம் பல பத்தாண்டுகளில் நடக்கும் எலும்புத் தேய்மானத்தை அதனிடம் குறுகிய காலத்தில் முழுதாகப் பார்த்துவிடலாம். அதற்கு உதவுவது மைக்ரோ சிடி என்னும் நுண் ஊடுகதிர்ப் படக்கருவி.

'சி57 பிளாக் 6' வகைச் சுண்டெலிகளில் தெரியும் முதல் உண்மையே வியப்பானது. தொடை எலும்பின் முனையில், உட்புறத்தே வலைபோல் பின்னியிருக்கும் பஞ்செலும்பு ஏறக்குறைய 2 மாத வயதில் உச்சத்தை எட்டிவிட்டு, அப்போதே குறையத் தொடங்குகிறது. அதன் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறுபட, இடைவெளிகள் அகலமாகின்றன. பெண் எலிகளில் இந்த இழப்பு கூடுதல். வெளிப்புறக் கெட்டி எலும்போ பல மாதங்கள் தடித்துவிட்டுப் பிறகே மெலிகிறது. ஆகவே இளம் எலியில் கண்டதை முதுமைக்குப் பொருத்துவது சரியல்ல. ஆய்வில் எலியின் வயதும், எந்த எலும்பைப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம்.

உள்ளே நடப்பது

எலும்பைக் கட்டும் செல்கள் வயதோடு குறைகின்றன. மஜ்ஜையில் எலும்புச் செல்லாக வேண்டிய மூலச்செல்கள் கொழுப்புச் செல்லாகத் திரும்புகின்றன. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட, விரைவில் முதுமையடையும் 'சாம்பி6' சுண்டெலி இதை ஆராயப் பெரிதும் உதவியது.

மாதவிடாய் நின்ற பின் வரும் எலும்புப்புரையை ஆராய, பெண் எலிகளின் சினைப்பையை அகற்றுவார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சில வாரங்களிலேயே பஞ்செலும்பு கரைகிறது.

எலி வேறு, மனிதர் வேறு

எலியின் நீள எலும்புகளில் வளர்ச்சித் தட்டு மனிதரைப்போல் முழுதாக மூடிக்கொள்வதில்லை. கெட்டி எலும்பை உள்ளிருந்து குடைந்து புதுப்பிக்கும் வேலையும் எலியிடம் மிகக் குறைவு.

இந்த வேறுபாடு நோயாளிகளைத் தொட்டது, எலும்புப்புரைக்குத் தரப்படும் டெரிபாராடைடு மருந்தில். வாழ்நாளின் பெரும்பகுதி அதிக அளவில் இம்மருந்தைப் பெற்ற எலிகளுக்கு எலும்புப் புற்றுநோய் வந்தது. அதனால் 2002-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தபோது கடும் எச்சரிக்கையும் சேர்த்தது. ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைக் கவனித்ததில் அப்படியோர் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. 2020-இல் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. எலிச் சோதனை வீண் என்று இதைக் கொள்ளக் கூடாது. முதல் எச்சரிக்கை அங்கிருந்துதான் வர வேண்டும். முடிவு மனிதரிடம் பார்த்தே எடுக்கப்பட வேண்டும்.

பெரிய விலங்குகள்

செம்மறியாட்டின் கெட்டி எலும்பு மனிதரைப்போல் உள்ளிருந்து புதுப்பிக்கப்படுகிறது. ரீசஸ் குரங்கு மனிதருக்கு இன்னும் நெருக்கம்: ஏறத்தாழ 28 நாள் மாதவிடாய்ச் சுழற்சி, 25 வயதையொட்டி இயற்கையான மாதவிடாய் நிறுத்தம். ஆனால் இவற்றின் முதுமைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், செலவும் அதிகம். அதனால் முதல் சோதனைகள் பெரும்பாலும் எலிகளிலேயே நடக்கின்றன.