மூன்று பக்கம் கடல், நடுவே செம்பனை: ஜொகூர்

ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான தஞ்சோங் பியாய், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்தில் இருக்கிறது. மாநிலத்துக்கு மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல், தெற்கே சிங்கப்பூரைப் பிரிக்கும் ஜொகூர் நீரிணை என மூன்று பக்கமும் நீர்தான். ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரும்பகுதி தாழ்நிலம். மிக உயரமான மலையான குனோங் லேடாங்கே 1,276 மீட்டர்தான். மேற்குக் கரை சேறும் கண்டல் காடுமாகக் கிடக்க, கிழக்கே மெர்சிங் பக்கம் மணற்கரையும் தீவுகளும் அழகு காட்டுகின்றன. தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், சுங்கை பூலாய் ஆகிய மூன்று சதுப்புநிலங்களும் 2003இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே புழுக்கம். காலத்தைப் பிரித்துக் காட்டுவது மழைதான். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைப் புரட்டிப்போடும். தாழ்நிலத்தில் ஆறுகள் மெதுவாகவே ஓடுகின்றன. கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் வெள்ளம் வடிய வழியிருக்காது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். கோத்தா திங்கி வழியே ஓடும் ஜொகூர் ஆற்றிலிருந்துதான் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும்.

பகாங் எல்லையில் இருக்கும் எண்டாவ் ரொம்பின் காடுதான் இம்மாநிலத்தின் பெருஞ்செல்வம். புலி, யானை, இருவாட்சி, கறுப்பும் வெள்ளையுமான தாப்பிர் ஆகியவை அங்கே வாழ்கின்றன. தாப்பிரின் மற்ற உறவினங்களைக் காண மத்திய, தென் அமெரிக்கக் காடுகளுக்குத்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் இங்கே திரிந்த சுமத்ரா காண்டாமிருகம் இன்று இல்லை; 2019இல் மலேசியா முழுவதுமே அந்த இனம் அற்றுப்போனது. மலாயாப் புலிகளும் நாடு முழுவதும் 150க்குக் குறைவாகவே எஞ்சியிருப்பதாக அண்மைக் கணக்கெடுப்பு சொல்கிறது. இது மிகவும் கவலைக்குரியது.

2020 கணக்கெடுப்பின்படி ஜொகூரின் மக்கள்தொகை சுமார் 40 லட்சம். மாநிலங்களில் சிலாங்கூருக்கு அடுத்த இடம். மலாய்க்காரர்கள் பெரும்பான்மை, அடுத்து சீனர்கள், பிறகு இந்தியர்கள். 19ஆம் நூற்றாண்டில் சீனர்கள் மிளகும் காம்பியரும் பயிரிட்டார்கள். பின்னர் வந்த ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பலர் தமிழர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்துக் குடும்பங்கள் பல மாசாய், ஸ்கூடாய், கூலாய் போன்ற நகர்ப்புறங்களுக்கு இடம்பெயர்ந்தன.

யானைகளுக்கு அப்படி இடம்பெயர வேறு இடமில்லை. காடு இருந்த இடத்தில் செம்பனை நின்றாலும் அவை பழைய தடத்திலேயே வருகின்றன. கோத்தா திங்கி, குளுவாங், மெர்சிங் சாலைகளில் இரவில் வண்டி ஓட்டுவோர் தயவுசெய்து வேகத்தைக் குறைத்துச் செல்லுங்கள்.