ஓடைமேல் எழுந்த பெருந்தெரு

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் அரண்மனைகளையும் ஆலயங்களையும் நாடிச் செல்வது வழக்கம். தென்கொரியாவின் தலைநகராகிய சியோலைப் பொறுத்தவரை, அந்நகரின் நடுவே ஓடும் சிற்றோடை ஒன்றைப் பார்த்தாலே வரலாற்றின் பெரும்பகுதி விளங்கிவிடும். சொங்கேச்சொன் என்பது அதன் பெயர். அறுநூறு ஆண்டுகளாக வானம் பார்த்து ஓடிய அவ்வோடை இருபதாம் நூற்றாண்டில் கொங்கிறீற்றுத் தளத்தின் கீழ் மறைந்தது. தளத்தின்மேல் ஒரு தெரு அமைந்தது. அத்தெருவின்மேல் தூண்கள் தாங்கிய மற்றொரு பெருந்தெரு எழுந்தது. பின்னர் அப்பெருந்தெரு தகர்க்கப்பட, 2005 ஆம் ஆண்டில் ஓடை மீண்டும் வெளிச்சத்தைக் கண்டது. வாகனங்களுக்குக் கொடுத்த இடத்தை ஒரு நகரம் திரும்பப் பெறலாம் என்பதற்குச் சான்றாக நகரமைப்பு வல்லுநர் இதனை எடுத்துக்காட்டுவர். அது உண்மையே. ஆயினும், அந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு முறையும் எங்கே போயினர் என்பதையும் உடன் கேட்டாலன்றி இக்கதை முழுமை பெறாது.

அரசர் காலத்து ஓடை

ஜோசொன் அரச மரபினர் 1394 ஆம் ஆண்டில் தம் தலைநகரை இங்கு அமைத்தனர். மலைகள் சூழ்ந்த இடமாதலால், சரிவுகளில் இறங்கும் மழைநீர் முழுவதும் நகரின் நடுப்பள்ளத்தில் திரண்டு கிழக்கு நோக்கி ஓடி, வேறோர் ஓடையுடன் கலந்து, மேற்கு நோக்கிப் பாயும் ஹான் பேராற்றை அடைந்தது. மாரிக் காலத்தில் கரை புரளும். மற்றக் காலத்தில் வற்றிக் கழிவுநீரைச் சுமக்கும். 1441 ஆம் ஆண்டில், செஜொங் மன்னர் காலத்தில், வெள்ளத்தின் உயரத்தை அளப்பதற்கென அளவுகோல் ஒன்று இங்கே நிறுவப்பட்டது. 1760 ஆம் ஆண்டில் யொங்ஜோ மன்னர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரைத் திரட்டி, ஐம்பத்தேழு நாட்களில் ஓடையைத் தூர் வாருவித்தார். வாரிய மணல் கரையோரத்தில் மேடுகளாகக் குவிந்தது. அம்மேடுகளில் குடிசை கட்டிக் குடியேறியவர்கள் வேறு போக்கிடம் அற்ற இரவலரே. நகரம் வேண்டாமென ஒதுக்கிய நிலத்தில் ஏழைகள் ஒண்டுவது அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

கொரியப் போர் 1953 ஆம் ஆண்டில் ஓய்ந்தபோது, வீடிழந்த அகதிகள் வெள்ளம்போல் சியோலுக்கு வந்தனர். ஓடையின் இருமருங்கும் பலகைக் குடிசைகள் நெருங்கி எழுந்தன. பாதி தரையிலும் பாதி நீரின்மேல் ஊன்றிய கால்களிலும் நின்ற அக்குடிசைகளின் கழிவெல்லாம் ஓடையிலேயே வீழ்ந்தது. நாற்றமும் நோயும் ஆட்சியாளரின் கண்ணை உறுத்தின. அவர்கள் கண்ட பரிகாரம் ஓடையைத் தூய்மை செய்வது அன்று, அதனை மூடிவிடுவது. 1958 ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வேலை கட்டங்கட்டமாகக் கிழக்கு நோக்கி நகர்ந்தது.

தூண்களின்மேல் ஒரு நாகரிகம்

மூடிய ஓடையின்மேல் அகன்ற தெரு அமைந்த பின்னரும் ஆட்சியாளருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. 1967 ஆம் ஆண்டில் அத்தெருவுக்கு மேலாக ஓர் உயர்நிலைப் பெருந்தெருவை அமைக்கும் பணி தொடங்கியது. அப்போதைய நகர முதல்வர் கிம் ஹியொன்-ஒக் என்பாரை மக்கள் ‘புல்டோசர்’ என்றே அழைத்தனர். 1976 ஆம் ஆண்டளவில் பெருந்தெரு தன் முழு நீளத்தை எட்டியது. நீளம் 5.6 கிலோமீற்றர், அகலம் 16 மீற்றர், போவதற்கு இரு தடங்கள், வருவதற்கு இரு தடங்கள். சந்திகளிலும் சமிக்ஞை விளக்குகளிலும் நில்லாமல், கிழக்குப் புறநகரிலிருந்து நகர மையத்துக்கு வாகனங்கள் பறந்து வரலாயின. போரின் சாம்பலிலிருந்து எழுந்த நாட்டின் முன்னேற்றச் சின்னமாக அஞ்சலட்டைகளிலும் அது இடம்பெற்றது.

குடிசைவாசிகளின் நிலை என்ன? நகரின் தென்கிழக்கே, இன்று சொங்நாம் எனப்படும் பகுதியில், மனைகள் தருவதாகக் கூறி அவர்களை வண்டிகளில் ஏற்றிச் சென்று இறக்கினர். ஆங்கே குடிநீரும் இல்லை, தொழிலும் இல்லை. வாக்களித்தவை கிட்டாதபோது, 1971 ஆகஸ்ட் 10 ஆம் நாள் பல்லாயிரவர் கிளர்ந்தெழுந்து அரச அலுவலகத்தைத் தாக்கினர். பெருந்தெருவின் செலவுக் கணக்கில் இந்தப் பகுதி எழுதப்படவில்லை.

பெருந்தெருவின் நிழலில் வேறொரு வாழ்வும் நடந்தது. வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகள் அமைத்த ‘சமாதானச் சந்தை’யின் மேல்மாடிகளில் தையற்கூடங்கள் நெருங்கியிருந்தன. நிமிர்ந்து நிற்கவும் இயலாத தாழ்ந்த பரண்களில், பதின்ம வயதுச் சிறுமியர் நூற்தூசியைச் சுவாசித்தவாறு நாளெல்லாம் உழைத்தனர். அவர்களுக்காக நியாயம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய ஜொன் தே-இல் என்னும் இருபத்திரண்டு வயதுத் தையற்தொழிலாளி, 1970 நவம்பர் 13 ஆம் நாள் அச்சந்தையின் முன்னே தன்னுடலுக்குத் தானே தீ வைத்துக்கொண்டார். தொழிற்சட்டத்தைக் கைக்கொள்ளுங்கள், நாங்கள் இயந்திரங்கள் அல்லோம் என்பதே அவர் எழுப்பிய குரல். அன்றிரவே அவர் உயிர் பிரிந்தது. கொரியத் தொழிலாளர் இயக்கம் அம்மரணத்திலிருந்தே புத்துயிர் பெற்றது. அவருடைய அன்னை இ சோ-சொன் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அவ்வியக்கத்துக்கே அளித்தார்.

வாகனமும் வெள்ளமும்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருந்தெருவுக்கும் முதுமை வந்தது. கீழே மூடுண்ட ஓடையின் கழிவு வாயுக்கள் கொங்கிறீற்றையும் உள்ளிருந்த இரும்பையும் அரித்தன. கனரக வாகனங்கள் அதன்மேல் ஏறுவது தடுக்கப்பட்டது. 1994 ஆம் ஆண்டில் சொங்சு பாலம் இடிந்து 32 பேரும், மறு ஆண்டில் சம்புங் பல்பொருள் அங்காடி சரிந்து 502 பேரும் மாண்டனர். விரைந்து கட்டியவை விரைந்து வீழும் என்னும் அச்சம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது.

ஓடையைத் திறந்துவிடலாம் என்னும் எண்ணம் முதலில் அறிஞர் சிலரிடத்தே தோன்றியது. ‘தோஜி’, அதாவது ‘நிலம்’, என்னும் பெருநாவலைக் கால் நூற்றாண்டுக் காலம் எழுதிய பாக் கியொங்-நி அம்மையார் அவர்களுக்குத் துணை நின்றார். 2002 ஆம் ஆண்டுத் தேர்தலில் லீ மியுங்-பாக் இதனையே தம் முதன்மை வாக்குறுதியாக்கி நகர முதல்வரானார். பெருங் கட்டுமான நிறுவனம் ஒன்றின் தலைவராக விளங்கிய அவருக்கும் ‘புல்டோசர்’ என்பதே பட்டப்பெயர். கட்டியவருக்கும் இடித்தவருக்கும் ஒரே பெயர் வாய்த்தது விந்தையே.

இடிப்பதற்கு எதிராக எழுந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மேற்தெருவும் கீழ்த்தெருவும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,68,000 வாகனங்களைச் சுமந்தன. அணையை உடைத்தால் நீர் ஊருக்குள் புகுவதுபோல், அத்தனை வாகனங்களும் பக்கத் தெருக்களில் புகுந்து நகரத்தை முடக்கிவிடும் என்று பலர் அஞ்சினர். ஆனால் போக்குவரத்து நீரைப் போன்றதன்று. நீர் தன் வழியைச் சிந்தித்துத் தேர்வதில்லை, மனிதன் தேர்கிறான். வழி எளிதாயிருந்தால் வாகனத்தை எடுக்கிறான். அரிதாயிருந்தால் நேரத்தை மாற்றுகிறான், வழியை மாற்றுகிறான், பஸ்ஸில் ஏறுகிறான், சில பயணங்களைத் தவிர்த்தும் விடுகிறான். நகர்ப்புறப் பெருந்தெரு எத்துணை அகன்றாலும் நெருக்கடி வேளையில் அது நிறைந்தே தீரும் என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் அந்தனி டவுன்ஸ் 1962 ஆம் ஆண்டிலேயே எழுதினார். புதுத் தெருவொன்றைச் சேர்ப்பதனால் எல்லோருடைய பயண நேரமும் கூடுதல் இயலும் என்பதை 1968 ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித அறிஞர் டீட்ரிஷ் பிறேஸ் காட்டினார். ஒன்றைச் சேர்த்தால் நெரிசல் வளரக்கூடுமாயின், ஒன்றை நீக்கினால் அது வளராமலும் இருக்கக்கூடுமன்றோ?

சியோலில் அவ்வாறே நிகழ்ந்தது. 2003 யூலை முதலாந் திகதி இடிப்பு வேலை தொடங்கியது. அஞ்சிய பேரிடர் வரவில்லை. ஆனால் அது தானாக வாய்த்த நற்பேறு அன்று. சரியாக ஓராண்டின் பின்னர், 2004 யூலை முதலாந் திகதி, நகரத்தின் பஸ் சேவை முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. நெடுந்தூரப் பஸ்களுக்கு நீலம், கிளைவழிகளுக்குப் பச்சை என நிறங்கள் வகுக்கப்பட்டன. தெருக்களின் நடுவே பஸ்களுக்கெனத் தனித் தடங்கள் அமைந்தன. பஸ்ஸுக்கும் சுரங்கப் புகையிரதத்துக்கும் ஒரே அட்டையில், சென்ற தூரத்திற்கேற்பக் கட்டணம் விதிக்கப்பட்டது. மாற்று வழி தந்துவிட்டுத் தெருவைக் குறுக்கியதே இம்முயற்சியின் உயிர்நிலை. ஓடையின் இருமருங்கும் இப்போது இரண்டிரண்டு தடங்களே எஞ்சியுள்ளன.

ஓடை திரும்பியபோது

2005 அக்டோபர் முதலாந் திகதி, 38,600 கோடி வொன் அளவிலான செலவில், 5.8 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடை திறந்து வைக்கப்பட்டது. அதன்மேல் இருபத்திரண்டு பாலங்கள் அமைந்தன. கோடையில் ஓடைக்கரையின் வெப்பம், அதற்கு இணையாகச் செல்லும் தெருக்களை விட 3.3 முதல் 5.9 பாகை வரை குறைந்திருந்தது. நான்கு வகை மீன்களே இருந்த இடத்தில், சில ஆண்டுகளில் இருபத்தைந்து வகைகள் காணப்பட்டன. அலுவலகம் விட்டு வருவோர் நீரில் கால் நனைத்து அமரும் காட்சி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்தது.

ஆனால் இது பழைய ஓடைதானா? மேல்நிலத்து ஊற்றுகள் எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டன. ஹான் ஆற்றிலிருந்தும் சுரங்கப் புகையிரத நிலையங்களின் நிலத்தடி நீரிலிருந்தும் நாளொன்றுக்கு 1,20,000 தொன் நீரை இயந்திரங்கள் இறைத்து விடுகின்றன. மின்சாரம் நின்றால் ஓடையும் நின்றுவிடும். ஓடையை மீட்க முன்னின்ற பாக் கியொங்-நி அம்மையாரே, மீட்பு என்று தொடங்கியது வெறும் அபிவிருத்தி வேலையாகிவிட்டது என 2004 ஆம் ஆண்டில் வருந்தி எழுதினார்.

வணிகர்களின் கதையும் ஆராயத்தக்கது. கரையோரக் கடைக்காரருடன் நகரசபையினர் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட முறை கூடிப் பேசினர் என்பது பாராட்டுக்குரியது. பழைய குடிசைவாசிகளிடம் அவ்வாறு ஒருவரும் பேசியதில்லை. எனினும், உயர்தெருவின் கீழே பழம்பொருள் விற்று வாழ்ந்த நடைபாதை வணிகர் தொங்தேமுன் விளையாட்டரங்குக்கு அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளில் அவ்வரங்கும் இடிக்கப்பட, 2008 ஆம் ஆண்டில் அவர்கள் மறுபடியும் வேறிடம் பெயர்ந்தனர். அரங்கம் இருந்த இடத்தில் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹடிட் வரைந்த மாபெரும் மண்டபம் 2014 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கருவிகளும் உதிரிப்பாகங்களும் விற்ற கடைக்காரருக்கென நகரின் தென்கிழக்கே பெரிய வணிக வளாகம் எழுந்தது. ஆயின், அங்கே கடை வாங்கும் பொருள்வலி பெற்றோர் அவர்களுள் சிறு தொகையினரே. ஓடையருகே நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று.

இவற்றையெல்லாம் கூறுவது, பெருந்தெருவை இடித்தது தவறு என்பதற்காக அன்று. நகரத்தின் நடுவே நச்சுப் புகையையும் இரைச்சலையும் சுமந்து நின்ற பாழடைந்த தளத்தினும், குழந்தைகள் கால் நனைக்கும் ஓடை ஆயிரம் மடங்கு மேலானது. பெருந்தெரு என்பது இயற்கை நியதி அன்று, மனிதர் செய்த ஒரு முடிவு மட்டுமே என்பதைச் சியோல் உலகுக்குக் காட்டியது. செய்த முடிவை மாற்றவும் மனிதரால் இயலும். ஆனால், தெரு எழுந்தபோதும் வீழ்ந்தபோதும் இடம் பெயர்ந்தவர்கள் ஒரே வகுப்பினரே என்பதையும் அந்த ஓடை சொல்லாமற் சொல்கிறது. வாகனங்களின் தொகையை முன்கூட்டியே எண்ணத் தெரிந்த நகரம், வீடும் கடையும் இழக்கப்போகும் மாந்தரின் தொகையையும் எண்ணப் பழகுதல் வேண்டும்.

தகர்த்த பெருந்தெருவின் தூண்களில் மூன்றை மட்டும் இடிக்காமல், நினைவுச் சின்னமாக ஓடையின் கிழக்குப் பகுதியில் நிறுத்தி வைத்துள்ளனர். சமாதானச் சந்தையின் அருகே, ஒரு பாலத்தின்மேல், ஜொன் தே-இல்லின் மார்பளவு வெண்கலச் சிலை நிற்கிறது. குடிசைகளிலிருந்து வண்டியேறிச் சென்றவர்களுக்கும், இரு முறை கடை பெயர்ந்தவர்களுக்கும் அங்கே தூணும் இல்லை, சிலையும் இல்லை. ஓடையைக் காணச் செல்வோர் அவர்களையும் ஒரு கணம் நினைப்பாராக.